லினக்ஸ் ஓடுது சார்

நகரக் குடிநீர் வாரியத்தில் தண்ணீரைத் தவிர மற்றதெல்லாம் நேரத்துக்கு வந்துவிடும். அதிகாரிகள் வருவார்கள், தேநீர் வரும், சுற்றறிக்கை வரும். அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

வாரியத்துக்குப் பெருமை சேர்ப்பது அதன் சொல்லாக்கப் பிரிவு. முன்பு இருந்த ஒரு தலைவர் மேடையில் ஏதோ வெளிநாட்டுச் சொல்லை உச்சரிக்கப் போய், நாக்கு பிரண்டு, கூட்டமே கொல்லென்று சிரித்துவிட்டதாம். மறுநாளே அவர் அந்தப் பிரிவைத் தொடங்கிவிட்டார். அன்றிலிருந்து தமிழ்ப் பெயர் இல்லாத எந்தப் பொருளும் வாரியத்தின் வாசலைத் தாண்ட முடியாது. அதோடு விட்டிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. பெயர் எந்தப் பிரிவுக்குப் பொருந்துகிறதோ, பொருளும் அந்தப் பிரிவுக்கே சொந்தம் என்று இன்னொரு விதியையும் சேர்த்துவிட்டார்கள். வீடு வீடாகப் போய் மீட்டர் பார்க்கிறவர்களுக்கு ‘மானி வாசகர்’ என்று பெயர் வைத்த கையோடு, அவர்கள் நூலகத்தின் கீழ் போய்விட்டார்கள். இப்போது வெளியே போவதே இல்லை. நூலகத்தில் மீட்டர்களோடு சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். நிம்மதியாக இருப்பதாகக் கேள்வி.

இந்த வாரியத்தில்தான் பென்சில் என்பவர் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தார். பூமிக்கடியில் எந்தக் குழாய் எங்கே போகிறது என்று வரைபடம் போடுகிற வேலை. ஆள் ஒல்லி, காதில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். அதனால் அந்தப் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளத்தன்று மட்டும் வெளியே வரும்.

அலுவலகம் அவருக்குக் கொடுத்திருந்த கம்ப்யூட்டர் மூத்த பிராணி. குழாய் வரைபடத்தைக் காலையில் திறக்கச் சொல்லிவிட்டு, தேநீர் குடித்து, ஊர்க்கதை பேசி, மதியச் சாப்பாட்டையும் முடித்துக்கொண்டு வந்தால் பாதி நகரம் திரையில் தெரியும். மீதி நகரத்துக்கு மறுநாள் வர வேண்டும். இப்படியிருக்க, ஒரு நாள் மேலாளர் வந்து, “தலைவர் கேக்கறார்யா. நாளைக்கு மதியத்துக்குள்ள முழு நகரமும் வேணும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பென்சிலின் புத்தி அப்போதுதான் மனைவியின் லேப்டாப் பக்கம் போனது.

அது ஒரு கேமிங் லேப்டாப். ஆனால் அவள் அதில் ஒரு விளையாட்டும் விளையாடியதில்லை. அவள் கார்ட்டூன் படம் செய்கிறவள். மழையில் தொலைந்துபோன ஒரு குடை தன் வீட்டைத் தேடி அலைகிற கதையைச் சில வருடங்களாகத் தனி ஆளாகச் செய்துகொண்டிருந்தாள். அதற்கு வேண்டிய சக்தி விளையாட்டுப் பிள்ளைகளுக்கென்று செய்த இந்த மெஷினில்தான் கட்டுப்படியாகும் விலைக்குக் கிடைத்தது. வாங்கியபோது அதில் இருந்த சிஸ்டம், வேலை மும்முரமாக நடக்கும்போது ‘புதுப்பித்துக்கொள்கிறேன், காத்திருக்கவும்’ என்று சொல்லித் தானாக அணைந்துபோகும். ஒரு தடவை குடையின் கைப்பிடியையே விழுங்கிவிட்டது. அன்றைக்கே அவள் அதை வழித்தெடுத்துவிட்டு லினக்ஸ் என்கிற வேறொரு சிஸ்டத்தைப் போட்டாள். முதலில் சத்தம் வரவில்லை. சத்தம் வந்ததும் வைஃபை போனது. வைஃபை வந்ததும் திரை கறுத்தது. அந்த நாட்களில் அவள் லேப்டாப்போடு பேசியதெல்லாம் அச்சிடத் தகாதவை. கடைசியில் எல்லாம் வழிக்கு வந்தது, இரண்டு குறைகளைத் தவிர. மூடினால் லேசில் எழுந்திருக்காது. விசைகளுக்கு அடியில் எரியும் கலர் விளக்குகள் என்ன செய்தாலும் அணையாது.

மறுநாள் காலை அவள் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தபோது பென்சில் லேப்டாப்பைத் திறந்தபடியே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். சாயங்காலம் எடுத்த இடத்தில் வைத்துவிட்டால் தெரியவா போகிறது என்று நினைத்தார். அவர் நினைத்தது நடந்த வரலாறு அந்த வீட்டில் கிடையாது.

வாசலில் காவலர் மறித்தார்.

“என்ன சார் இது, கலர் கலரா மினுக்குது?”

“லேப்டாப்புங்க.”

“மடிக்கணினி. அது தெரியும். என்ன வகை?”

“கேமிங் லேப்டாப்.”

காவலர் சொல்லாக்கப் பிரிவுக்கு ஃபோன் போட்டார். மறுமுனையில் இருந்தவர் யோசிக்கக்கூட இல்லை. விளையாட்டு மடிக்கணினி.

“அப்ப இது விளையாட்டுச் சாமான். விளையாட்டுப் பிரிவுக்குத்தான் போகணும்.”

“ஐயையோ, இதுல யாரும் விளையாடறதில்லைங்க. இதுல லினக்ஸ் ஓடுது.”

காவலரின் புருவம் மேலே போனது. “ஓடுதா?”

பென்சில் நல்ல மனிதர். கேட்ட கேள்விக்கு உண்மையான பதிலைச் சொல்லித்தான் அவருக்குப் பழக்கம். “நல்லா ஓடுதுங்க. முன்னாடி இருந்ததைவிட வேகமா ஓடுது.”

வேறு யாரும் அவரைக் கெடுக்க வேண்டியிருக்கவில்லை.

விளையாட்டுப் பிரிவு அறையில் உறை பிரிக்காத பந்துகள் அலமாரி நிறைய இருந்தன. விளையாட்டு அலுவலர் தொப்பைமேல் ஒரு விசில் படுத்திருக்க, நாற்காலியில் சாய்ந்திருந்தார். அவருக்கு ஒரு தீராத மனக்குறை. ஆண்டுதோறும் எல்லா வாரியங்களும் கலந்துகொள்ளும் போட்டியில் குடிநீர் வாரியம்தான் கடைசி. போன வருடம் நூறு மீட்டர் ஓட்டத்தில் வாரியத்தின் வீரர் எல்லைக்கோட்டை அடைந்தபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். இந்த வருடப் போட்டி வரும் சனிக்கிழமை.

“ஆள் எங்க?” என்று அலுவலர் கேட்டார்.

“இதுக்குள்ளதான் சார்.”

“வெளிய வரமாட்டாரா?”

“வராது சார், அது ஒரு சிஸ்டம்.”

“சிஸ்டமா இருக்கறவங்கதான்யா ஜெயிப்பாங்க. நம்ம ஆளுங்ககிட்ட இல்லாததே அதுதானே! இதுக்கு முன்னாடி எங்கெல்லாம் ஓடியிருக்கார்?”

“உலகம் பூரா ஓடுது சார். பெரிய பெரிய கம்பெனியில எல்லாம் இதான் ஓடுது.”

“காசு நிறைய கேப்பாரோ?”

“இலவசம் சார்.”

அலுவலர் எழுந்து நின்றுவிட்டார். கண்களில் ஈரம் கட்டியிருந்தது. பென்சிலுக்கு அப்போதுதான் விபரீதம் புரிந்தது. இது தன் மனைவியுடையது, சாயங்காலம் திரும்பக் கொண்டுபோக வேண்டும் என்று கெஞ்சினார். “வீரனோட குடும்பம்னா தியாகம் பண்ணித்தான்யா ஆகணும்” என்றார் அலுவலர். சனிக்கிழமை வரை லினக்ஸ் பயிற்சி முகாமில் இருப்பார் என்று அறிவித்துவிட்டு, லேப்டாப்பைப் பட்டென்று மூடினார்.

“மூடாதீங்க சார், மூடினா எழுந்திருக்காது!”

“தூங்கட்டும்யா. போட்டிக்கு முன்னாடி ஓய்வு முக்கியம்.”

வீட்டில் மனைவி காலி மேசையின் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தாள்.

“எங்க?”

“பயிற்சி முகாம்ல இருக்கு.”

“என்னது?”

பென்சில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். முடிந்ததும், “ஏங்க, உங்க ஆபீஸ்ல மூளையை வாசல்லயே வாங்கி வச்சுக்கிட்டுத்தான் உள்ள விடுவாங்களா?” என்று கேட்டாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாள். “படத்துக்கு நகல் தனி டிஸ்க்ல வச்சிருக்கேன். ஆனா கடைசிக் காட்சியைப் படமா வெளிய எடுக்கணும்னா அந்த மெஷின் வேணும். வேற எதுல போட்டாலும் அடுத்த மாசம்தான் முடியும். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள்ள கார்ட்டூன் படப் போட்டிக்கு அனுப்பலைன்னா, இத்தனை வருஷம் பண்ணினது அத்தனையும் வீண்.”

கத்தியிருந்தால் பென்சில் தாங்கியிருப்பார். அவள் சன்னமான குரலில் சொன்னாள். அதுதான் அவரைக் கலக்கியது. உயிரைக் கொடுத்தாவது லேப்டாப்பைக் கொண்டுவந்துவிடுவதாக வாக்குக் கொடுத்தார்.

மறுநாள், லினக்ஸ் லாயக்கில்லை என்று சொல்லிவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டு விளையாட்டு அலுவலரிடம் போனார். “சார், அதுல ஒரு கோளாறு. கிராஃபிக்ஸுக்கு சரியான டிரைவரே இல்லை.”

அலுவலர் வெலவெலத்துப் போனார். “டிரைவர் இல்லாமலா இத்தனை நாள் ஓடிச்சு? யார் மேலயாவது ஏறியிருந்தா யாருய்யா பதில் சொல்றது?”

அரை மணி நேரத்தில் வாகனப் பிரிவிலிருந்து ஒரு டிரைவர் வந்து சேர்ந்தார். நரைத்த மீசை. அவர் ஓட்டிய தண்ணீர் லாரி எப்போதோ ஏலத்தில் போய்விட்டது. அன்றிலிருந்து காக்கிச் சட்டையை மட்டும் துவைத்துத் துவைத்துப் போட்டுக்கொண்டு காத்திருந்தவர். லேப்டாப்பின் அருகில் ஒரு ஸ்டூலைப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“தம்பி, இதுல சாவி எங்கப்பா?”

பென்சில் பவர் பட்டனைக் காட்டினார். டிரைவர் அதை லாரிக்குப் போடுகிற பலத்தோடு அழுத்திப் பிடித்தார். செத்துக் கிடந்த லேப்டாப் ஒருமுறை முழுக்க அணைந்து, மறுபடி உயிர்பெற்றுக் கலர் கலராக எரிந்தது. “பாத்தியா, நம்ம கை பட்டதும் கிளம்பிடுச்சு” என்று அவர் பெருமையோடு மீசையைத் தடவிக்கொண்டார்.

பென்சில் விடவில்லை. இது அலுவலகச் சொத்து ஆக முடியாது, யாருக்கும் சொந்தமில்லாத மென்பொருள், ‘ஃப்ரீ சாஃப்ட்வேர்’ என்று வாதாடிப் பார்த்தார். சொல்லாக்கப் பிரிவிலிருந்து ‘கட்டற்ற மென்பொருள்’ என்று பதில் வந்தது. கட்டற்றது என்ற சொல்லைப் பார்த்ததும் ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவு பதறியடித்துக்கொண்டு இரண்டு பேரை அனுப்பியது. அவர்கள் லேப்டாப்பை ஒரு தடிக் கயிற்றால் மேசைக் காலோடு கட்டி முடிச்சுப் போட்டுவிட்டுப் போனார்கள். அதோடு யாருக்கும் தெரியாமல் தூக்கிக்கொண்டு போகிற வழியும் அடைபட்டது.

சனிக்கிழமை காலை மருத்துவ அதிகாரி வந்தார். உடல் தகுதி இல்லை என்று இவராவது எழுதிக் கொடுப்பார் என்று பென்சிலுக்கு ஒரு நப்பாசை.

“வேற ஏதாவது தொந்தரவு உண்டா?”

“டாக்டர், இது ஓப்பன் சோர்ஸ்.”

டாக்டர் சொல்லாக்கப் பிரிவைக் கேட்டார். ‘திறந்த மூலம்’ என்றார்கள். டாக்டர் ஃபோனை வைத்துவிட்டு லேப்டாப்பை இரக்கத்தோடு பார்த்தார்.

“திறந்தே விட்டுட்டீங்களா? இந்த நிலைமையிலயுமா ஓடறார்?” குரலைத் தாழ்த்தினார். “எனக்கும் உண்டுய்யா. அந்த வலி எனக்குத் தெரியும். உக்காரவே முடியாது.”

ஆனாலும் வாரியத்தின் மானம் இதில் இருக்கிறதாகையால் அவர் ஓட்டத்தைத் தடுக்கவில்லை. லினக்ஸை எந்தக் காரணத்தைக் கொண்டும் கடினமான இடத்தில் வைக்கக்கூடாது, எப்போதும் மெத்தென்ற தலையணைமேல்தான் இருத்த வேண்டும் என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். தலையணையும் அவரே கொடுத்தார். சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்தது.

பிற்பகலில் பென்சிலின் மனைவி டிஸ்க்கும் கையுமாக மைதானத்துக்கு வந்தாள். ஓடுபாதையில், மற்ற வாரியங்களின் வீரர்களுக்கு நடுவே, ஒரு மேசை. மேசையின்மேல் தலையணை. தலையணையின்மேல் நெற்றியில் எண் ஒட்டிய லேப்டாப். பக்கத்தில் காக்கிச் சட்டையில் டிரைவர். கட்டியிருந்த கயிற்றின் மறுமுனையைப் பிடித்தபடி ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவு. பென்சில் அவளைப் பார்த்துப் பேந்தப் பேந்த விழித்தார். அவர் வாக்குக் கொடுத்தது இரண்டு பேருக்குமே நினைவிருந்தது.

அவள் சண்டைக்குத்தான் வந்திருந்தாள். ஆனால் அங்கே கொஞ்ச நேரம் நின்று, யார் என்ன பேசுகிறார்கள் என்று காதில் வாங்கிக்கொண்டாள். பிறகு நேரே விளையாட்டு அலுவலரிடம் போனாள்.

“நான்தாங்க லினக்ஸோட கோச்.”

“வாங்கம்மா, வாங்க! உங்களைத்தான் தேடிட்டு இருந்தேன்.”

“அவர் ஓடணும்னா கரண்ட் வேணும். இன்டர்நெட் வேணும். பக்கத்துல நான் உக்காரணும்.”

தெருக்குழாய் ஒன்றைச் சரிசெய்ய ஆறு மாதம் எடுத்துக்கொள்ளும் வாரியம், மைதானத்தின் குறுக்கே பத்தே நிமிடத்தில் வயர் இழுத்தது. மூன்று பொறியாளர்கள் தங்கள் ஃபோனிலிருந்து இன்டர்நெட்டைத் திறந்துவிட்டு மண்டியிட்டு நின்றார்கள். அவள் டிஸ்க்கைச் செருகினாள். கடைசிக் காட்சியைத் துண்டு துண்டாக உருவாக்கி, உருவாக உருவாக அனுப்பிவிடும்படி கட்டளைகளைத் தட்டி வைத்தாள். துப்பாக்கி வெடித்தது. அவள் என்டரைத் தட்டினாள்.

மற்ற வீரர்கள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஓடி, கோட்டைத் தாண்டி, தண்ணீர் கேட்டு, இல்லையென்று தெரிந்து, புல்லில் உட்கார்ந்துவிட்டார்கள். லேப்டாப் திரையில் ஒரு பச்சைக் கோடு இடமிருந்து வலமாக எறும்பு மாதிரி நகரத் தொடங்கியது.

“ஓடறார்! ஓடறார்!” என்று விளையாட்டு அலுவலர் விசிலை ஊதினார்.

ஒலிபெருக்கியில், “லினக்ஸ் இப்போது நான்கு... ஐந்து...” என்று அறிவிப்பு வந்தது. பரிசு கொடுக்காமல் தலைவர் எழுந்திருக்கக் கூடாது. ஓட்டம் முடியாமல் பரிசு கொடுக்கக் கூடாது. தலைவர் எழாமல் வேறு யாரும் எழக் கூடாது. ஆகவே மைதானம் முழுவதும் அந்தப் பச்சைக் கோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. நாற்பதைத் தாண்டியபோது கைதட்டல் கிளம்பியது. எழுபதில் மின்வாரியத்து ஆட்கள்கூட எழுந்து நின்று கத்தினார்கள். பென்சிலின் மனைவி மட்டும் மணியையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு மணிக்கு அதிக நேரமில்லை.

தொண்ணூற்றேழில் கோடு நின்றது.

லேப்டாப் மைதானமே அதிர ஊளையிட்டது. தொட்டவள் கையை இழுத்துக்கொண்டாள். அடுப்பாகக் கொதித்தது. அடியிலிருக்கும் காற்றுத் துளைகள் எல்லாம் தலையணைக்குள் புதைந்திருந்தன.

“இதை எந்தப் புண்ணியவான் வச்சது?” என்று தலையணையை உருவி எறிந்தாள்.

“அம்மா! அவரோட நிலைமை தெரியாம...” என்று டாக்டர் பாய்ந்து வந்தார்.

“அவருக்குக் காத்து வேணும் டாக்டர், காத்து!”

டிரைவர் சட்டென்று லேப்டாப்பின் பின்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தார். லாரி ரேடியேட்டர் கொதித்து எத்தனை தடவை ரோட்டில் நின்றிருப்பாரோ! பென்சில் காதிலிருந்த பென்சில் விழ, சட்டையைக் கழற்றி விசிறினார். வாரியத்தில் சேர்ந்ததிலிருந்து அவர் அவ்வளவு வேகமாக எந்த வேலையும் செய்ததில்லை. கோடு அசைந்தது. தொண்ணூற்றெட்டு. தொண்ணூற்றொன்பது. ஒரு யுகம் போனது. நூறு. ‘உங்கள் படம் பெறப்பட்டது’ என்று திரையில் வரி வந்தது. அவள் அப்படியே ஓடுபாதையில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பென்சிலும் பனியனோடு பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

தீயணைப்பு வாரியத்துக்காரர்கள் ஆட்சேபித்தார்கள். தங்கள் வீரர் எப்போதோ ஓடி முடித்துவிட்டார் என்றார்கள். குடிநீர் வாரியத் தலைவர் மைக்கைப் பிடித்தார்.

“மற்றவர்கள் ஓடியது வெறும் நூறு மீட்டர். மீட்டர்களை எல்லாம் நாங்கள் எப்போதோ நூலகத்துக்கு அனுப்பிவிட்டோம். நம்முடைய வீரரோ நூறு சதவீதம் ஓடியிருக்கிறார். எங்கள் வாரியத்தில் எந்த வேலையும் நூறு சதவீதம் முடிந்ததாக நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை. கேள்விப்பட்டிருந்தால் அது எப்படி நடந்தது என்று விசாரணை வைத்திருப்பேன். ஆனாலும் அவரைப் பாருங்கள், எந்த இடத்தில் தொடங்கினாரோ அதே இடத்தில் நிற்கிறார். இத்தனை வேகமாக ஓடியும் ஓர் அங்குலம்கூட நகராத இந்தப் பண்புதான் நம் வாரியத்தின் உயிர்நாடி!”

கைதட்டல் அடங்க நேரமானது. தலைவர் பதக்கத்தை லேப்டாப்புக்கு மாட்டிவிட்டு, இரண்டு வார்த்தை பேசும்படி மைக்கை அதனிடம் நீட்டினார். லேப்டாப்பின் உள்ளே விசிறி உஸ்ஸென்று இரைந்தது. எல்லா அதிகாரிகளும் தலைகுனிந்து கேட்டார்கள். “என்ன ஒரு அடக்கம்!” என்றார் தலைவர். லினக்ஸுக்கு வாரியத்தில் நிரந்தர வேலை என்றும், இனி வளாகத்திலேயே தங்குவார் என்றும் அறிவித்தார்.

பென்சிலின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். ரிப்பன் வெட்ட வைத்திருந்த கத்தரிக்கோலால் கயிற்றை நறுக்கினாள். லேப்டாப்பை ஒரு கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பென்சிலின் மணிக்கட்டை இன்னொரு கையால் பற்றிக்கொண்டு, மைக்கில் சொன்னாள்.

“இவர் இனிமே இங்க வரமாட்டார். ராஜினாமா பண்ணிட்டார்.”

வாரியத்தின் சரித்திரத்தில் யாரும் ராஜினாமா செய்ததில்லை. அதற்கு எந்தப் பிரிவு பொறுப்பு என்று அதிகாரிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இருவரும் பஸ் பிடித்து வீடு வந்து சேர்ந்தார்கள்.

திங்கட்கிழமை பென்சில் அலுவலகம் போனபோது அவருடைய நாற்காலியைக் காணவில்லை.

“நீங்கதான் ராஜினாமா பண்ணிட்டீங்களே” என்றார் மேலாளர். “உங்க வீட்டுக்காரம்மா உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘இவர் வரமாட்டார்’னு மைக்லயே சொன்னாங்களே.”

“சார், அது லினக்ஸைச் சொன்னது!”

“சும்மா இருங்க. இவ்ளோ பெரிய கௌரவத்தை அவர் எதுக்கு விடறார்? உங்க இடத்தைத்தான் அவருக்குக் கொடுத்திருக்கு. உடம்பு சரியில்லாதவர்ங்கறதால வீட்டுலேர்ந்தே வேலை பாக்கலாம்னு டாக்டர் எழுதிக் கொடுத்துட்டார்.”

குழாய் வரைபடம் அடங்கிய டிஸ்க்கை, ‘லினக்ஸ் அவர்களுக்கு’ என்று மேலே எழுதி, பென்சில் கையிலேயே கொடுத்தனுப்பினார்கள்.

மனைவி மேசையில் பாதி இடம் ஒதுக்கிக் கொடுத்தாள். அவள் தேநீர் போட்டுக் கொண்டுவருவதற்குள் முழு நகரமும் திரையில் விரிந்தது. பென்சில் மதியத்துக்குள் வேலையை முடித்து அனுப்பினார். சற்று நேரத்தில் ஃபோன் அடித்தது.

“லினக்ஸ் சாருங்களா?” மேலாளரின் குரலில் இதுவரை அவர் கேட்டிராத ஒரு குழைவு.

பென்சில் மனைவியைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள். “ஆமாங்க” என்றார்.

“வரைபடம் பிரமாதம் சார். உங்களுக்கு முன்னாடி அந்த இடத்துல ஒருத்தர் இருந்தார். இத்தனை வருஷமா அந்த ஆள் என்னதான் பண்ணிட்டிருந்தாருன்னே தெரியலை.”

பென்சில் ஃபோனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

“நல்ல மனுஷன்னு கேள்விப்பட்டேங்க” என்றார்.

“மனுஷன் நல்ல மனுஷன்தான் சார்” என்றார் மேலாளர். “ஆனா ஓடமாட்டார்.”